கறுவா வெட்டும் நாளைக் கொழுந்துதான் சொல்லும்

கறுவா (தமிழ்நாட்டில் இலவங்கப்பட்டை) எப்போது வெட்டுவது என்று கேட்டால் பலரும் மாதத்தைச் சொல்வார்கள். இலங்கையில் மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிய பிறகுதான் பெரிய அறுவடை என்பது உண்மைதான். ஆனால் பார்க்க வேண்டியது நாட்காட்டியை அல்ல, கொழுந்தை.

மழை விழுந்ததும் செடி செக்கச் சிவந்த துளிர் விடும். அப்போது கத்தி வைக்காதீர்கள். பட்டை தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், உரித்தால் துண்டு துண்டாகக் கிழியும். துளிர் முற்றிப் பச்சையாகும்வரை பொறுங்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே புதுத் திசு வளர்கிற இடம் நீர் ஏறி மென்மையாக இருந்தால்தான் பட்டை கழன்று வரும். வறட்சியில் அந்த இடம் இறுகிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு தண்டில் சிறு கீறல் போட்டு நகத்தால் நெம்பிப் பாருங்கள். ஈரமாக வழுக்கிக்கொண்டு எழும்பினால் வெட்டலாம். நார் இழுத்தால் விட்டுவிடுங்கள்.

ஒன்றரை முதல் இரண்டு வருடம் வளர்ந்த, பச்சை மாறிப் பழுப்பேறிய நேரான தண்டுதான் நல்லது. இன்னும் முற்ற விட்டால் பட்டை தடித்துப்போகும், மெல்லிய குழலாகச் சுருளாது.

மண்ணுக்கு வருவோம். இலங்கையின் மேற்குக் கரையில் நீர்கொழும்புப் பக்கத்து வெள்ளை மணலில் விளைகிற பட்டை மெல்லியது, மணம் நுண்மையானது. தெற்கே காலி, மாத்தறை ஊர்ப் பக்கத்துச் செம்மண், சரளை மண்ணில் செடி தழைத்து வளரும், ஆனால் பட்டை சற்றுத் தடிப்பு. இரண்டும் விற்கும். விற்காதது நீர் தேங்கும் நிலத்துப் பட்டை: கசக்கும், வாசனையும் குறையும். பள்ளத்தில் கறுவா நடுவதைவிட வடிகால் வெட்டுவதற்குச் செலவழிப்பது மேல். அடர்ந்த நிழலும் ஆகாது.

ஒரே மரத்தின் பாகங்களுக்குள்ளேயே சரக்கு மாறும். மணம் தரும் வேதிப்பொருள்களில் பட்டை எண்ணெயில் முக்கியமானது சின்னமால்டிஹைடு, இலை எண்ணெயில் யூஜினால், வேர்ப்பட்டையில் கற்பூரம். இலையைக் கசக்கி முகர்ந்தால் கராம்பு வாசனை வருவது யூஜினாலால்தான். அதை வைத்துப் பட்டையின் தரத்தைக் கணிக்க முடியாது. பட்டை எண்ணெய் உட்பட்டையில்தான் இருக்கிறது. மேல்தோலைச் சுரண்டும்போது கை அழுத்தினால் எண்ணெயும் சேர்ந்து போகும். சுரண்டிய பிறகு பித்தளைக் கோலால் நன்றாகத் தேய்த்தால்தான் பட்டை இளகும். அதற்குப் பிறகே நீளவாக்கில் இரு பக்கமும் கீறி எடுக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் வருகிறது. பட்டையை இளக்கித் தருகிற மழைதான் அதைக் காயவும் விடாது. ஒரு நாளில் உரித்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே காலையில் வெட்டுங்கள். மிஞ்சிய தண்டு வாடினால் பட்டை மறுபடி ஒட்டிக்கொள்ளும். உரித்த பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, உள்ளே சிறு துண்டுகளை நிரப்பிய குழல்களைக் கூரைக்கடியில் கயிறு கட்டி, காற்றோட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்புங்கள். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் குழல் முறுக்கிக்கொள்ளும். அரைகுறை ஈரத்தோடு குழல்களைக் கட்டாகக் கட்டினால் உள்ளே செருகிய சிறு துண்டுகளில்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. கட்டும் முன் நடுக்குழல் ஒன்றை ஒடித்துப் பாருங்கள். வளையாமல் சடக்கென்று முறிய வேண்டும்.