கதவு நிலையில் ஒரு கோடு

ஜூலை 3
கதவு நிலையில் புதுக் கோடு. பங்குனிக் கோட்டுக்கு மேல இரண்டு விரற்கடை. "வளந்துட்டன் அம்மா" என்று குதிக்கிறாள். அவர் கைதட்டுறார். எனக்கு வயிறு கலங்குது. பிள்ளை வளரும், இதயத்தில வைத்த வால்வு வளராது.

ஜூலை 5
எக்கோ, இதயத்தை ஸ்கான் பண்ணிப் பார்க்கிறது. டொக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பினபோதே விளங்கிட்டு. இரண்டு வயதில வைத்தது, இறந்துபோன யாரோ ஒருவருடைய வால்வு. 7 வருசம் ஓடிட்டு. "சுண்ணாம்பு படிஞ்சிட்டு" என்றார். கல்சியம் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பன். வீட்டுக்கு வந்து அம்மாட வெற்றிலைச் சுண்ணாம்புக் கரண்டகத்தைத் திறந்தன். விளிம்பெல்லாம் காய்ஞ்ச வெள்ளை, நகத்தால சுரண்டியும் வரல்ல.

ஜூலை 6
நித்திரை இல்லை.

ஜூலை 11
இந்தமுறை வைக்கிறது மாட்டுக் கழுத்து நாளமாம். அதுக்குள்ள வால்வும் இருக்கும், மருந்தில பதப்படுத்தி அப்படியே குழாயாகத் தைப்பாங்களாம். எத்தனை வருசம் என்று கேட்டன். மாட்டு, பன்றி வால்வு பெரியவங்களுக்கு 10, 15 வருசம் போகும், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்ல ஏலாது, வளர்ற உடம்பில கெதியாச் சுண்ணாம்பு ஏறும் என்றார். உலோக வால்வு என்றால் ஆயுள் முழுக்க வாபரின், இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கிற மருந்து. ஒரு நாளைக்கு நாலுதரம் விழுகிற பிள்ளைக்கு!

அம்மாட்ட மாடு என்று சொல்லல்ல.

ஜூலை 14
வாவிக்கரையில ஒரு மாடு மேய்ஞ்சுகொண்டு நின்றது. தலை நிமிரவே இல்லை. குனிஞ்சு மேயிற நேரம் இரத்தம் தலைப்பக்கம் திரும்பாமல் மறிக்கத்தான் கழுத்தில அந்த வால்வுகள். அரை மணித்தியாலம் பார்த்திருப்பன். "மாடு வாங்கப்போறீங்களா அக்கா?" என்று ஒரு தம்பி கேட்டான்.

ஜூலை 15
கடைவாய்ப் பல்லில ஓட்டை. பல்லுச் சரிவராமல் தேதி தரமாட்டாங்க. பல்லுக் கிருமி இரத்தத்தில ஏறி வால்வில குந்திடுமாம். டொபி களவாக் கொடுத்தது அம்மா. பெரிய சண்டை.

ஜூலை 24, ஆடி அமாவாசை
மாமாங்கக் கோயில் தீர்த்தக் குளத்தில அப்பாவுக்காக முழுகினன். மறுகா இன்னொருக்கா முழுகினன், அந்த வால்வு தந்த ஆளுக்காக. ஆணா பெண்ணா, என்ன வயது, ஒண்டும் தெரியாது. பேர் தெரியாமல் எப்படி எள்ளும் தண்ணியும் இறைக்கிறது? ஐயரிட்டக் கேட்க வெட்கமாக இருந்தது.

ஜூலை 29
இரவு முழுக்க போனில வாசிப்பு. இறந்தவர் ஒருவருடைய வால்வோட குழாய் வைத்து இந்தச் சத்திரசிகிச்சையை லண்டனில டொனால்ட் ரொஸ் செய்தது 1966. மாட்டு நாள வால்வைக் கம்பி வலைக்குள்ள தைத்து, நெஞ்சைத் திறக்காமல் இரத்த நரம்பு வழியா ஒரு பிள்ளைக்குள்ள பிலிப் பொன்ஹோபர் கொண்டுபோனது 2000. எங்களுக்கு இந்தமுறை திறக்கத்தான் வேணும். "அடுத்தமுறை நரம்பால பார்க்கலாம்" என்கிறார் டொக்டர். அடுத்தமுறை என்பதை அவர் என்ன லேசாச் சொல்றார்!

ஓகஸ்ட் 2
அம்மாவுக்கு விசயம் தெரிஞ்சிட்டு. வெற்றிலையை மடியில வைத்துக்கொண்டு கனநேரம் பேசல்ல. மறுகா, "நல்ல பட்டி மாடா இருக்கட்டும்" என்றா.

ஓகஸ்ட் 3
பல்லுப் பிடுங்கியாச்சு. அழல்ல. நான்தான்.

ஓகஸ்ட் 6
தேதி வந்துட்டு. இரவு ரயிலில மூன்று சீற். உடுப்பு மடிக்கிறன், பென்சிலோட வந்து நிலைக்கதவில முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். குதியைத் தூக்காமல் நில்லு மனே