பூட்டியிருந்த சூசையப்பர் கோயில்

இந்தக் கோயிலை நான் முதலில் பார்த்தது ரூபாய் நோட்டில், அதாவது லித்துவேனியாவின் பழைய ஒரு லிதாஸ் நோட்டில். 1994 வரிசை நோட்டு, பின்பக்கத்தில் ஒரு மரக்கோயில். 2015இல் யூரோ வந்ததிலிருந்து கடையில் செல்லாது, நான் பர்ஸில் சாமி படம் மாதிரி வைத்திருந்தேன்.

தலைநகர் வில்னியஸிலிருந்து ரயிலில் இக்னலினா வந்து, அங்கிருந்து 5 கிலோமீட்டர் போல நடந்தால் கோயில் இருக்கிற பலூஷே. லூஷியாய் ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர், ஊர்ப்பெயருக்கே 'லூஷியாய் பக்கத்தில்' என்றுதான் அர்த்தம். 1974இல் உண்டான அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது.

நான் போனது புதன்கிழமை, இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பருக்கு உரிய நாள் என்று பார்த்துத்தான் கிளம்பினேன். போனால் கதவு பூட்டியிருக்கிறது! பூசை இல்லாத நாளில் வேறு என்ன எதிர்பார்த்தேனோ. வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி கோபுரத்தைக் காட்டி "யுவோஸாபஸ்" என்றார். சரி, நம்ம சூசையப்பர்தான். படியிலேயே உட்கார்ந்து ஒரு செபமாலை சொல்லி முடித்தேன், எதிரே ஏரித் தண்ணீர் அசையவே இல்லை.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பிய கோயில் இது. ரம்பமோ ஆணியோ தொடாமல் கோடரியாலேயே கட்டினார்கள் என்று சொல்வார்கள். நான் சுவரைத் தடவிப் பார்த்தேன், வெயிலில் காய்ந்து வெளுத்த மரம், தொட்டால் இதமான சூடு. தச்சரான சூசையப்பருக்கு மரத்தாலேயே கோயில், இதைவிடப் பொருத்தமாக யார் கட்டியிருக்க முடியும்? மணிக்கூண்டு தனியாக நிற்கிறது.

அப்புறம் லடாகல்னிஸ் குன்றுக்குப் போகிற வழியில் ஒரு மரக்கம்பத்தில் ரூபின்தோயேலிஸ் இருந்தார். முள்முடியோடு உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக் கவலைப்படும் இயேசு, அந்த நாட்டில் எங்கும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று கேட்டு வளர்ந்தவளுக்கு அதைப் பார்க்க என்னவோ போல இருந்தது, ஆண்டவருக்கே இப்படி ஒரு கவலையா என்று.

குன்றின் மேலிருந்து 6 ஏரிகள் தெரியும். லாடா என்ற தாய்த் தெய்வத்துக்கு அங்கே காணிக்கை கொடுத்தார்களாம். லித்துவேனியா 1387இல்தான் கிறிஸ்தவத்துக்கு வந்தது, ஐரோப்பாவிலேயே கடைசியாக, அதனால் அந்தப் பேச்சு இன்னும் மலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது போல. அங்கேயும் கும்பிட்டேன், யார் என்ன சொல்லப்போகிறார்கள்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஸ்டேஷனுக்கு ஓடி வந்து சேர்வதற்குள் ரயில் போய்விட்டது. அடுத்த ரயில் வரும்வரை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.