சங்கிலியால அடிச்சு அடிச்சு ஒரு பாதை

யாழ்ப்பாணத்துக்குப் போற வழியில இருக்கிற முகமாலையில கண்ணிவெடி அகற்றுற வேலைக்குச் சேர்ந்த புதுசில எனக்கு முழங்காலில இருந்து மண்ணை றேக்கால மெல்ல மெல்ல இழுத்துப் பாக்கிறதுதான் வேலை. காலமை தொடங்கி வெயில் ஏறும் வரைக்கும் ஒரு சின்ன அறை அளவு முடிஞ்சாலே பெரிய விசயம். அப்பத்தான் பக்கத்து ஏரியாவில சங்கிலி மெசினை முதல் முதலாக் கண்டனான். முன்னுக்கு ஒரு உருளை சுத்தும், அதில கொழுவியிருக்கிற சங்கிலியெல்லாம் நிலத்தைப் போட்டு அடிக்கும், கீழ கிடக்கிற வெடி வெடிக்கோணும் இல்லாட்டி நொறுங்கோணும் எண்டு. ஓட்டுறவர் உள்ள இல்லை, தூரத்தில நிண்டு ரிமோட்டில ஓட்டுவார்.

எங்கட டீம் லீடர் அண்ணைதான் சொன்னார், இது இரண்டாம் உலகப் போர் நேரம், 1942இல எகிப்தின்ர எல் அலமெய்ன் பாலைவனத்தில பிரிட்டிஷ் ஆமி டாங்கியில பூட்டின சாமான் எண்டு. அதுக்குப் பிறகு நான் தேடித் தேடி வாசிச்சன். டு டொய்ட் எண்ட தென்னாபிரிக்காக்காரர்ர யோசனை அது. மட்டில்டா டாங்கிக்கு முன்னுக்கு உருளையைப் பூட்டி, அதைச் சுத்த வைக்க பக்கவாட்டில ஒரு ஃபோர்ட் வி8 எஞ்சினைத் தனியா வச்சிருக்கினம், பேர் ஸ்கோர்பியன். எனக்கு நெஞ்சில நிக்கிறது என்னெண்டா, அந்த எஞ்சினுக்குப் பின்னால ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள ஒரு ஆள் இருந்து அதை இயக்கோணும். எஞ்சின் சூடு, பாலைவன வெயில், முன்னுக்கு வெடிக்கிற வெடி, இவ்வளவுக்கும் பக்கத்தில ஒரு மனுசன். சங்கிலி கிளப்புற புழுதியில மூச்சு விடேலாம காஸ் மாஸ்க் போட்டிருக்கினம், எஞ்சினும் புழுதி அடைச்சு சூடாகி நிண்டு போகுமாம்.

பிறகு 1944இல பிரான்சின்ர நோர்மண்டிக் கரையில இறங்கின படைக்கு ஷெர்மன் டாங்கியில கிராப் எண்டு செய்தவை. இதில தனி எஞ்சின் இல்லை, டாங்கியின்ர எஞ்சினில இருந்தே உருளைக்குப் பவர் வரும், 43 சங்கிலி, நிமிசத்துக்கு 142 சுத்து. அடிச்சுக்கொண்டு போகேக்க மணிக்கு 2 கிலோமீற்றர்தான், நாங்கள் நடக்கிறதை விட மெதுவு. புழுதியில ஓட்டுறவருக்கு ஒண்டும் தெரியாது, அதால திசை பாக்க திசைகாட்டி வச்சிருந்தவை, பின்னால வாறவைக்கு வழி தெரிய சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக்கொண்டு போவினமாம், அதை வாசிக்கேக்க எனக்கு ஆபத்தான பக்கத்தையும் துப்பரவான பக்கத்தையும் காட்ட நாங்கள் நடுற சிவப்புத் தடியும் வெள்ளைத் தடியும்தான் ஞாபகம் வந்தது. வெடிக்கிற ஒவ்வொரு மைனும் சங்கிலியையும் பிய்க்கும், பிறகு புதுசு மாத்தோணும். நிலம் பள்ளமாப் போனா சங்கிலி எட்டாது, அதுக்காகவே நிலத்தோட சேந்து ஏறி இறங்கிற, உருளையைத் தாங்குற கையை கிராப்பின்ர இரண்டாவது மாதிரியான மார்க் 2இல வச்சவை.

ஆனா அவைக்குத் தேவைப்பட்டது ஒரு டாங்கி போற அகலத்துக்கு ஒரு பாதை, அவ்வளவுதான். பாதைக்கு வெளியால கிடக்கிறது அப்பிடியே கிடக்கும். எங்களுக்கு அப்பிடி விடேலாது, நாங்கள் குடுக்கிற காணியில நாளைக்கு ஒரு அம்மா கச்சான் போடுவா, பிள்ளையள் ஓடி விளையாடுங்கள்.

ஒருநாள் மெசின் அடிச்சு முடிஞ்ச இடத்தில நாங்கள் இறங்கினனாங்கள். என்ர றேக்கில பாதி உடைஞ்ச பிளாஸ்டிக் மூடி ஒண்டு வந்தது, பி4 மிதிவெடியின்ர மூடி. வெடிக்கேல்ல, நொறுங்கித்தான் போயிருக்கு. கொஞ்சம் தள்ளி டெட்டனேட்டர், வெடியை வெடிக்க வைக்கிற சின்னத் துண்டு, முழுசாக் கிடந்தது. நான் கையைத் தூக்கிப்போட்டு அசையாமல் இருந்தன். அண்ணை வந்து குனிஞ்சு பாத்தார், பிறகு மெசின் போன தடம் முழுக்க ஆள் விட்டு, சாணுக்குச் சாண் றேக்கால இழுக்கச் சொன்னார்.