லாய் சீ வோ: சாலை போகாத ஹக்கா கிராமம்

ஹாங்காங்கின் வடகிழக்குக் கடலோரத்தில் இருக்கும் லாய் சீ வோவுக்குச் சாலை கிடையாது. வூ காவ் தாங்கிலிருந்து மலைப்பாதையில் நடக்கலாம். அல்லது மா லியூ ஷுயி படகுத்துறையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கடலில் செல்லலாம். நாங்கள் படகில் போனோம்.

தைவானைத் தளமாகக் கொண்ட எதிரிப் படைகளுக்குக் கரையோர மக்கள் உதவக் கூடாதென்று, அப்போது சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு 1661 முதல் தென்சீனக் கடலோர ஊர்களைக் கட்டாயமாகக் காலி செய்தது. 1669இல் அந்தத் தடை தளர்ந்தபோது பழைய குடிகளில் பலர் திரும்பி வரவில்லை. தரிசாகிவிட்ட அந்த நிலங்களைத் தேடி, உள்நாட்டு மலைப்பகுதிகளிலிருந்து வந்தவர்கள்தாம் ஹக்கா மக்கள். வளமான சமவெளிகள் மற்றவர்கள் வசம் இருந்ததால், இவர்களுக்குப் பெரும்பாலும் வாய்த்தவை இதுபோன்ற குறுகிய பள்ளத்தாக்குகளே. லாய் சீ வோவில் ட்சாங், வோங் என்ற இரு குலத்தார் 300 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருகின்றனர்.

ஊரின் அமைப்பை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பின்புறம் பிறை வடிவில் அடர்ந்த காடு, நடுவே மதிலுக்குள் நெருக்கமாக வரிசை பிடித்த இருநூற்றுக்கும் மேற்பட்ட ஓட்டு வீடுகள், முன்னால் வயல், அதற்கப்பால் சதுப்புநிலக் கரை. வாஸ்துவைப் போன்ற ஃபெங் சுயி நம்பிக்கையின்படி அந்தக் காட்டில் மரம் வெட்டக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. காரணம் நம்பிக்கையாக இருக்கலாம். ஆனால் மலைச்சரிவு மண் கரையாமலும் ஓடை வற்றாமலும் வயலுக்கு நீர் கிடைத்தது அதனால்தான். ஐந்து விரல்களைப் போலக் கிளைத்த ஒரு கற்பூர மரம் அங்கே நிற்கிறது. ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது அதில் ஒரு கிளை வெட்டப்பட்டதாக ஊரார் சொல்கிறார்கள். படமெடுக்க அதன் அடியில் ஒரே கூட்டம். கோயில் முற்றத்தில், போர்த்தெய்வமான குவான் தாய் சன்னதியருகே, ஓரிருவரே இருந்தனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவான இறக்குமதி அரிசி வந்தது; சிறு வயல்களால் அதனோடு போட்டியிட முடியவில்லை. 1960களில் குடும்பங்கள் பிரிட்டனுக்குப் புறப்பட்டு உணவகங்களில் வேலை தேடிக்கொண்டன. வயல்கள் புதராயின, கூரைகள் சரிந்தன. 2013இல் ஹாங்காங் பல்கலைக்கழகம் ஊராருடன் சேர்ந்து தொடங்கிய திட்டத்தால் மறுபடி நெல் விளைந்தது. 2020இல் இந்த நிலவமைப்புக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் நிலைத்த வளர்ச்சிக்கான சிறப்பு அங்கீகாரம் கிடைத்தது. வீடுகளை மட்டும் பூசி மெழுகி அருங்காட்சியகமாக்காமல், முதலில் வாய்க்காலையும் வரப்பையும் மீட்டது எனக்குச் சரியான வரிசையாகப் பட்டது.

சதுக்கத்தில் ஒரு பாட்டி சா குவோ விற்றார். ஒட்டரிசி மாவைப் பிசைந்து, இலைத்துண்டின் மேல் வைத்து ஆவியில் வேகவைக்கும் பண்டம் அது. கசக்கினால் நாறும் ஒரு கொடியின் சாறு கலந்த கரும்பச்சை வகையும் இருந்தது. வெந்தபின் அந்த நாற்றம் துளியும் இல்லை, கையில் மட்டும் பிசுபிசுப்பு.

போக நினைப்பவர்கள் வார இறுதியிலோ அரசு விடுமுறையிலோ கிளம்புங்கள். மற்ற நாட்களில் பயணிகள் படகு இல்லை. மலைப்பாதையில் நடப்பதானால் குடிநீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோக வேண்டும்.