அலுமினியத் தகட்டில் எழுத்து வெட்டுதல்: இதுவரை ஆன வேலை

எங்கள் தெரு கேரம் மன்றத்துக்குப் பெயர்ப்பலகை செய்யும் வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. 'கேரம் மன்றம்' என்று 7 எழுத்து, ஒவ்வொன்றும் 15 செ.மீ. உயரம். 1 மி.மீ. அலுமினியத் தகட்டில் தனித்தனியாக வெட்டி மரப்பலகையில் பதிக்க வேண்டும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னைப் பெண் காசிமா 3 தங்கம் வென்ற பிறகு, மன்றத்துக்கு வரும் பெண் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அவர்கள் வந்து போகும் வாசலில் வெளுத்துப்போன ஃபிளெக்ஸ் தொங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. ராயபுரத்துக் கடல்காற்றில் இரும்பு எழுத்து வைத்தால் ஒரே மழைக்காலத்தில் துரு வழிந்து சுவர் நாசமாகும். அதனால்தான் அலுமினியம்.

தகடு வாங்கியது பாரிமுனைப் பக்கம், செம்புதாஸ் தெருவில். எடைக்குத்தான் விலை. 1 மி.மீ. தகடு சதுர அடிக்குக் கிட்டத்தட்ட கால் கிலோ வரும். இந்தக் கணக்கு தெரிந்தால் கட் பீஸ் வாங்கும்போது பேசச் சுலபம். வாங்கும் முன் மூலையைக் கையால் மடக்கிப் பாருங்கள். குழைந்து அப்படியே நின்றுவிட்டால் அது ரொம்ப மிருது, வெட்டும்போது ரம்பத்தில் அப்பிக்கொள்ளும். கொஞ்சம் எதிர்த்துத் திரும்புகிற தகடுதான் நல்லது.

அப்புறம் எதை வைத்து வெட்டுவது? நேர்கோட்டுக்குத் தகடு வெட்டும் கத்தரி போதும். வளைவுக்குப் போனால் ஓரம் சுருண்டு விடுகிறது, தட்டி நிமிர்த்தினாலும் அலை தெரியும். ஜிக்ஸா என்ற மின்ரம்பம் வேகமானது, ஆனால் மெல்லிய தகட்டைத் தூக்கித் தூக்கி அடிக்கும். காரணம் பல்லின் இடைவெளி. தகட்டின் கனத்துக்குள் எப்போதும் இரண்டு பல்லாவது பதிந்திருக்க வேண்டும். அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் 1 மி.மீ.க்கு மேல் இடைவெளி. தகடு அந்த இடைவெளிக்குள் விழுந்து மாட்டிக்கொள்ளும், துள்ளும், பல் உடையும்.

விடை சவுகார்பேட்டையில் கிடைத்தது. நகை செய்யும் பத்தர்கள் பயன்படுத்தும் சின்ன வில் ரம்பம், நூல் மாதிரி பிளேடு. 2/0 நம்பர் பிளேடில் அங்குலத்துக்கு 50-க்கு மேல் பல் உண்டு. வாங்கும்போது பக்கத்தில் நின்ற வயதான பத்தர் ஒருவர், "பல்லு கீழ பாக்கணும் தம்பி. கீழ இழுக்கும்போதுதான் வெட்டணும், மேல போகும்போது சும்மா போகட்டும்" என்றார். அது ஒன்றிலேயே பாதி வேலை சரியாகிவிடுகிறது. பிளேடை விரலால் சுண்டினால் 'டிங்' என்று கேட்கும் அளவுக்கு இறுக்க வேண்டும். அவ்வப்போது மெழுகுவத்தியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் அலுமினியம் பல்லில் ஒட்டாது.

இந்தப் பெயரில் 'ம' மூன்று இடத்தில் வருவது எனக்குப் பெரிய வசதி. மூன்று துண்டுத் தகட்டை இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டி, மேலே எழுத்து அச்சடித்த காகிதத்தை ஒட்டி, ஒன்றாக வெட்டினேன். 3 மி.மீ. கனம் என்பதால் ரம்பம் துள்ளவே இல்லை, ஒரே ஓட்டமாகப் போனது. தனியாக வரும் எழுத்துகளுக்கு அடியில் 3 மி.மீ. பிளைவுட் வைத்து ஒட்டி, இரண்டையும் சேர்த்தே வெட்டுகிறேன். பிளைவுட் வீண்தான், ஆனால் தகடு அசையாமல் நிற்கிறது.

'கே' பொறுமையைக் கேட்கும். கொம்பிலுள்ள சுழிகளுக்கும் 'க'வின் வயிற்றுக்கும் முதலில் துளை போட்டு, பிளேடை ஒரு முனையில் கழற்றி, துளை வழியாக விட்டு மறுபடி இறுக்கி, உள்ளிருந்து வெட்ட வேண்டும். துளை போடும்போது அடியில் மரம் இல்லாவிட்டால் மெல்லிய தகட்டில் வட்டம் வராது, மூன்று மூலையாகத்தான் வரும். தகடு டிரில் பிட்டோடு சேர்ந்து சுற்றிக் கையையும் வெட்டும். மேலும் கீழும் மரத்துண்டு வைத்து சி கிளாம்ப் போட்டபின்தான் டிரில்லைத் தொடுவேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி புள்ளிகள். மூன்று புள்ளி வேண்டும், மூன்றும் ஒரே அளவு. சதுரத் துண்டுகளின் நடுவே 4 மி.மீ. துளையிட்டு, மூலைகளைக் கத்தரியால் நறுக்கி, மூன்றையும் ஒரே போல்ட்டில் கோத்து நட் போட்டு இறுக்கி, டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு அரம் பிடித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, மெதுவான வேகத்தில். முனைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, அரத்தின் கடகட சத்தம் அடங்கி ஒரே சீரான சத்தம் வந்தால் வட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம். நடுத்துளையே பிறகு திருகாணிக்கு ஆயிற்று.

ஓரப் பிசிறுக்கு அரம், அப்புறம் 220, 400 உப்புத்தாள். அரத்தில் முன்கூட்டியே சாக்பீஸ் தேய்த்தால் அலுமினியத் தூள் பல்லிடுக்கில் அடைக்காது. பெஞ்ச் கிரைண்டரில் மட்டும் அலுமினியத்தைக் காட்டாதீர்கள். கல்லில் அப்பிச் சூடேறினால் கல் வெடிக்கலாம்.

'ற' மட்டும் இன்னும் வெட்டவில்லை. அது முடிந்ததும் எட்ச் பிரைமர் என்ற அடிப்பூச்சு. அது இல்லாமல் அடித்த பெயிண்ட் அலுமினியத்தில் உரிந்துவிடும். பதிக்க ஸ்டெயின்லெஸ் திருகாணி வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் உப்புக்காற்றில் ஸ்டீலும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கும். அதனால் ஒவ்வொரு திருகாணிக்கும் நைலான் வாஷரும், துளைக்குள் போகும் நைலான் குழாயும் வேண்டும். வாஷர் கிடைத்துவிட்டது. குழாய்க்கு இந்த வாரம் பிராட்வே பக்கம் போக வேண்டும்.