பட்டியலில் பூஜ்யம்

அந்தப் புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்தது நான்தான். பட்டியல் சொன்னது, எடுத்தேன். நான்கு மாதமாக இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் 'பட்டியல் சொன்னது' என்ற இடத்தில் குரல் இடறுகிறது.

களையெடுப்பு எங்கள் வேலையில் சாதாரணம். வருடத்துக்கு இரண்டு முறை, மூன்று வருடமாக யாரும் இரவல் வாங்காதவற்றைக் கணினி பட்டியல் போட்டுக் கொடுக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரி அலமாரியாகப் போக வேண்டும். மஸ்டி என்று ஒரு கணக்கு உண்டு. தவறான தகவல் உள்ளதா, கிழிந்து அழுக்கேறியதா, புதுப் பதிப்பு வந்துவிட்டதா, சரக்கில்லாததா, இந்த ஊருக்கு வேண்டாததா, வேறு இடத்தில் எளிதாகக் கிடைக்குமா என்று பார்ப்பது. ஒன்றிரண்டு பொருந்தினால் முத்திரை குத்தி, பார்கோடைக் கறுப்பு மார்க்கரால் அடித்து, விற்பனைப் பெட்டியில் போட்டுவிடலாம். 'லெஃப்ட் பிஹைண்ட்' என்ற கிறிஸ்தவ நாவல்களின் சிறுவர் வரிசையில் எங்களிடம் இருந்த 31 புத்தகங்களுக்கும் எதிரே பூஜ்யம். தாளெல்லாம் மஞ்சளித்துப் போயிருந்தது. யாரைக் கேட்டாலும் எடு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அந்தப் பூஜ்யம் பொய் என்று எனக்குத் தெரியும்.

ஒரு பையன் அவற்றைப் படித்துக்கொண்டிருந்தான். எட்டாம் வகுப்பு இருக்கும். பள்ளி விட்டதும் வருவான், அம்மா வேலை முடிந்து வந்து கூட்டிப்போகும்வரை இருப்பான். அலமாரிகளுக்கு நடுவே தரையில்தான் உட்காருவான். ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டு, முதுகைச் சாய்த்துக்கொண்டு படிப்பான். போகும்போது எடுத்த இடத்திலேயே செருகிவிடுவான். மேஜைமேல் விட்டுப்போனால் நாங்கள் ஸ்கேன் செய்து 'உள்ளேயே படிக்கப்பட்டது' என்று கணக்கில் சேர்ப்போம். ஒழுங்கான பையன் என்பதால் அவன் படித்தது எதுவும் கணக்கில் ஏறவில்லை.

ஒரு நாள் ஷூ மட்டும் இருந்தது, ஆளைக் காணோம். தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். அந்த ஒரு நிமிடம் எனக்கு வயிற்றைப் புரட்டியது. இதைப் படிக்கிற சிலருக்கு ஏன் என்று விளக்கத் தேவையிருக்காது. பாளையங்கோட்டையில் எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தேன். கதவு திறந்து கிடந்தது, வாசலில் அம்மாவின் செருப்பு, அடுப்பில் உலை கொதிக்கிறது, வீட்டில் யாரும் இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் கன்வென்ஷன் கூட்டத்தில், இயேசு திரும்பி வரும்போது 'ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்' என்று கேட்டிருந்தேன். அம்மா வெறுங்காலோடு பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை பறிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது நான் முழங்காலில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

கதையும் அதேதான். ஒரு நொடியில் விசுவாசிகள் எல்லாரும் மறைந்துபோகிறார்கள், துணிமணி மட்டும் கிடக்கிறது. டிம் லஹேயும் ஜெர்ரி ஜென்கின்ஸும் 1995இல் பெரியவர்களுக்கு எழுதத் தொடங்கியது ஓகோவென்று விற்கவே, 1998இல் சிறுவர்களுக்குத் தனி வரிசை வந்தது. மொத்தம் 40 சின்னப் புத்தகங்கள். ஜட், விக்கி, லயனல், ரயன் என்று கைவிடப்பட்ட நான்கு பிள்ளைகள். அவர்கள் வாழும் மவுண்ட் ப்ராஸ்பெக்ட் சிகாகோவின் புறநகர், எங்கள் நூலகத்திலிருந்து காரில் அரைமணி நேரம். அது பையனுக்குத் தெரியும். "அந்த மால் பக்கம் நாங்க போயிருக்கோம்" என்றான் ஒருமுறை, குரலைத் தாழ்த்தி.

சரி, அந்த உரையாடலுக்கு வருகிறேன். மூன்று வாக்கியம்கூட இருக்காது.

பன்னிரண்டாம் புத்தகத்தை விரலால் அடையாளம் வைத்தபடி என் மேஜைக்கு வந்தான். ஆங்கிலத்தில்தான் பேசுவான், 'ஆன்ட்டி' மட்டும் அம்மா பழக்கியது. "ஆன்ட்டி, இவங்களுக்கு எல்லாமே முன்னாடியே தெரியுது. அடுத்து என்ன நடக்கும்னு பைபிள்ல இருக்கு. அப்புறம் ஏன் எதையுமே நிறுத்தப் பாக்க மாட்டேங்கிறாங்க?"

நான் சொன்னது: "அடுத்தது வேணுமா, இல்ல வேற மாதிரி ஏதாவது எடுத்துத் தரட்டுமா?"

"நான் புக் கேக்கல ஆன்ட்டி" என்றுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இது மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பொது நூலகம். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு யாருக்கும் வேதபாடம் நடத்தக்கூடாது. அதிலும் எங்கள் ஊர்க்காரப் பையன், அவன் அம்மா போகும் சபை எது என்பதும் எனக்குத் தெரியும். நான் ஒன்று சொல்லி அது வீட்டில் வேறாகப் போய்ச் சேர்ந்தால்? வாயை மூடிக்கொண்டதுதான் தொழில் தர்மம். அன்று மாலைவரை எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

காரில் போகும்போதுதான் உறைத்தது. அவன் வேதத்தைப் பற்றிக் கேட்கவில்லை, கதையைப் பற்றிக் கேட்டான். கதையைப் பற்றிப் பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கேள்வியும் சரியான கேள்வி. பெரியவர்கள் வரிசையில் பக் வில்லியம்ஸ் என்று ஒரு பத்திரிகையாளன் வருகிறான். கடைசிக் காலத்தில் உலகை ஆளவரும் அந்திக்கிறிஸ்துவான நிக்கோலே கார்பாத்தியா ஐ.நா.வில் இரண்டு பேரைச் சுட்டுக் கொல்வதைக் கண்ணால் பார்க்கிறான். மற்ற எல்லாருடைய நினைவையும் அந்த ஆள் மாற்றிவிடுகிறான், உண்மை தெரிந்தவன் பக் ஒருவன்தான். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கதாநாயகனைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன எதிர்பார்ப்போம்? அவன் போய் அதே அந்திக்கிறிஸ்துவின் பத்திரிகையை நடத்துகிறான். ரேஃபோர்ட் ஸ்டீல் என்ற விமானி அந்த ஆளின் விமானத்தையே ஓட்டுகிறான். உலகத்தையே அழிக்கப் போகிறவன் பின்னால் உட்கார்ந்திருக்கிறான், இவன் ஒட்டுக்கேட்டதை வந்து தன் கூட்டத்திடம் சொல்கிறான். பின்னால் ஒரு கட்டத்தில் ரேஃபோர்ட் துப்பாக்கி எடுக்கிறான் என்பது உண்மை. அதுகூட, அந்திக்கிறிஸ்துவாகிய மிருகத்தின் தலையில் சாவுக்கேதுவான காயம்பட்டு ஆறும் என்று வேதத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பதால் கிடைத்த அனுமதி மாதிரிதான் இருக்கிறது. போதகர் புரூஸ் பார்ன்ஸ் சபைக்கு அடியில் ஒரு பதுங்கிடம் கட்டுகிறார், ரகசியமாக. தெருவில் உள்ள மற்றவர்களுக்கு? அவர்களுக்கு நற்செய்தி உண்டு, இடம் கிடையாது.

எழுதியவர்கள்மேல் முழுப் பழியையும் போடவும் மனசு வரவில்லை. கதைக்கான அட்டவணை அவர்களுக்கு முன்பே தயாராகிவிட்டது. ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் 19ஆம் நூற்றாண்டில் பரப்பியதை 1909இல் ஸ்கோஃபீல்டு என்ற அமெரிக்கப் போதகர் தன் வேதாகமத்தின் அடிக்குறிப்புகளில் போட்டார், அமெரிக்கச் சபைகள் பல அதைப் பிடித்துக்கொண்டன. முதலில் விசுவாசிகள் மறைந்துபோகும் இரகசிய வருகை, பிறகு ஏழு வருட உபத்திரவம், முத்திரைகள், எக்காளங்கள், கலசங்கள், எல்லாம் வரிசைப்படி. இதில் யாராவது எதையாவது நிறுத்திவிட்டால் தீர்க்கதரிசனம் பொய்யாகிவிடும். அதனால் கதாநாயகன் கையில் கால அட்டவணையோடு பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியதுதான், ரயில் சரியான நேரத்துக்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு. (டார்பியின் சகோதர சபை இயக்கத்தில் இருந்த ஆந்தனி நோரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியாவுக்கு வந்தார், எங்கள் நெல்லைப் பக்கத்து அருளப்பன் அவரோடு சேர்ந்து உழைத்தார். ஆகவே இதை வெறும் அமெரிக்கச் சரக்கு என்று தள்ளிவிட என்னால் முடியாது.)

சிறுவர் வரிசையில் பிள்ளைகள் இவர்களைவிடத் துடிப்பானவர்கள். பள்ளிக்கு நிக்கோலேயின் பெயரையே வைத்துவிடுகிறார்கள், இவர்கள் அங்கே திருட்டுத்தனமாகச் செய்தித்தாள் விடுகிறார்கள். பையனுக்கு அந்தப் பகுதி பிடித்திருந்தது. எனக்கு உறுத்தியதும் அங்கேதான். ஜட் அப்பாவின் கிரெடிட் கார்டைத் திருடிக்கொண்டு லண்டனுக்கு விமானம் ஏறியவன், அது பாவம், அதற்காகக் குமுறி அழுகிறான். மனம்திரும்பிய பிறகு பள்ளியில் மறைப்பதும் ஏய்ப்பதும் அவனை ஒரு நிமிடம்கூட உறுத்துவதில்லை. முந்தின பொய் பொய், பிந்தின பொய் ஊழியம். பொய்யே சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. குழந்தைகளைக் காப்பாற்ற மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் பார்வோனிடம் சொன்னது பொய்தானே, ஒற்றர்களை மறைக்க ராகாப் சொன்னதும் பொய்தானே. இந்தப் பிள்ளைகளில் ஒன்று அதற்காக ஒரு ராத்திரி தூங்காமல் புரண்டிருந்தால் எனக்குப் போதும்.

ஆபிரகாமைச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. சோதோம் அழியப் போகிறது என்று தெரிந்ததும் அவன் அட்டவணை போடவில்லை, பேரம் பேசினான். ஐம்பதில் தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று சந்தையில் விலை குறைக்கிற மாதிரி குறைத்துக்கொண்டே வந்தான். அல்லது நினிவே. நாற்பது நாளில் கவிழும் என்று யோனா அறிவித்தான், ஊர் மனம்திரும்பியது, கவிழவில்லை. சொன்னது நடக்காமல் போனதற்காகக் கோபித்துக்கொண்டு உட்கார்ந்தவன் யோனா ஒருவன்தான். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம். "நீ கேட்டது நல்ல கேள்வி, இதே கேள்வியைக் கேட்ட ஒருத்தர் பைபிள்லயே இருக்காரு" என்று தொடங்கியிருந்தால் வேதபாடம் ஆகியிருக்குமா? ஆகியிருக்கும் என்றுதான் ஒரு மனசு சொல்கிறது. இதை வீட்டில் உட்கார்ந்து அழகாகக் கோத்துவிட்டேன், அன்று மேஜையில் எனக்கு யோனாவே ஞாபகம் வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் அம்மா வந்தாள். பையனைக் காருக்கு அனுப்பிவிட்டு என்னிடம் மெதுவாக, "அக்கா, அந்த புக்கையெல்லாம் எடுத்துட முடியாதா? ராத்திரி எந்திரிச்சு வந்து நாங்க இருக்கோமான்னு பாக்குறான்" என்றாள்.

"வீட்ல பேசிப் பாத்தீங்களா?"

"என்னன்னு பேச? வருகை உண்மைதானக்கா. இல்லேன்னு சொல்ல முடியுமா?"

நான் சட்டம் பேசினேன். அமெரிக்க நூலகச் சங்கம் 1939இலேயே நூலக உரிமைப் பட்டயம் என்று ஒன்று ஏற்றிருக்கிறது, யாருடைய கருத்துக்காகவும் புத்தகத்தை ஒதுக்கக்கூடாது, உங்கள் பிள்ளை என்ன படிக்கலாம் என்பது உங்கள் முடிவு, புத்தகத்தையே நீக்க வேண்டுமென்றால் ஒரு படிவம் இருக்கிறது. போன வருடம் ஒரு சித்திரக்கதையை நீக்கச் சொல்லி வந்த ஒரு அப்பாவிடமும் இதையேதான் சொன்னேன். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. இவளிடம் சொல்லும்போது அவள் படிவத்தைக் கையில் வாங்கக்கூட இல்லை. "பரவால்லக்கா" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

பதினைந்து நாளில் பட்டியல் வந்தது.

அந்த அம்மாவுக்காக எடுத்தேனா? அப்படியானால் போன வருடம் வந்த அப்பாவிடம் நான் பேசியது என்ன? பையன் தூங்கட்டும் என்று எடுத்தேனா? புத்தகத்தை எடுத்தால் பயம் போய்விடும் என்றா, உலை கொதித்த அடுப்பை நாற்பது வயதுக்கு மேலும் மறக்காத நான் நினைத்தேன்? இல்லை, எனக்கே அந்தப் புத்தகங்கள் பிடிக்கவில்லை, பூஜ்யம் வசதியாக வந்து வாய்த்ததா? மஸ்டி கணக்கில் 'சரக்கில்லாதது' என்று டிக் அடித்தபோது என் கை கொஞ்சம் வேகமாகவே போனது, அது நினைவிருக்கிறது. மேலாளரிடம் "இதை ஒருத்தன் உள்ளே உட்கார்ந்து படிக்கிறான்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் ஆறு மாதம் தள்ளிப்போட்டிருப்பார். சொல்லவில்லை. எல்லாம் தெரிந்தும் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவனைப் பற்றி மேலே அத்தனை வரி எழுதியிருக்கிறேன்.

தாள் பழுத்துப்போனது உண்மை, இடம் தேவைப்பட்டதும் உண்மை. வேறு யாராக இருந்தாலும் எடுத்திருப்பார்கள். அவர்கள் பையனைப் பற்றித் தெரியாமல் எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எடுத்த மறுநாள் வழக்கம்போல வந்தான். ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்தான். பிறகு நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தான். அந்த இடத்தில் நான் அதற்குள் வேறு புத்தகங்களை நகர்த்தி அடுக்கியிருந்தேன். சாக்ஸ் காலோடு என் மேஜைக்கு வந்தான்.

"ஆன்ட்டி, பதின்மூணு இல்லையா?"

"இல்லப்பா." வேறு நூலகத்திலிருந்து இரண்டு நாளில் வரவழைத்துத் தர முடியும். தினமும் பத்துப் பேருக்குச் செய்து கொடுக்கிற வேலை அது. சொல்லவில்லை.

"யாராவது எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

"ஆமா" என்றேன்.

"எல்லாத்தையுமா?"