பின் சீல் ஒழுகினால் முதலில் பிரீதரைக் கழற்றிப் பாருங்கள்

ஒருவழியாக என் லாரியின் கியர் பாக்ஸ் ஒழுகுவது நின்றுவிட்டது. ஆனால் இதற்கு முன் பார்த்த பட்டறைமேல் உள்ள கோபம் அடங்கவில்லை. பின் சீல் (பாக்ஸின் பின்பக்கம் வெளிவரும் ஷாஃப்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் வளையம்) ஏன் போகிறது என்று ஒருமுறைகூட யோசிக்காமல், புது சீலை அடித்து அடித்து அனுப்பினார்கள். லோடு ஏற்றி ஓடினால் ஷாஃப்ட் நுனியில் உள்ள இணைப்புத் தட்டான ஃபிளாஞ்சைச் சுற்றி மறுபடி எண்ணெய்.

பாக்ஸ் இரட்டை கவுன்டர் ஷாஃப்ட் வகை, அதாவது நடு ஷாஃப்டின் இருபுறமும் துணை ஷாஃப்ட் உண்டு. வேகத்துக்கான ஹை, இழுவைக்கான லோ என்ற இரண்டு கியர் வரிசைகள் (ரேஞ்ச்) காற்றழுத்தத்தில் மாறும். லோவுக்கு வரும்போது தாமதமாகத்தான் விழும். அதையும் சொன்னேன். "நீங்க அவசரப்பட்டு மாத்துறீங்க" என்று பழியை என்மேல் போட்டார் மேஸ்திரி. கடைசியில், "பாக்ஸை இறக்கி எல்லா சீலும் போட்டாத்தான் நிக்கும்" என்றதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்துப் பார்த்த மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைத் தொடவே இல்லை. முதலில் பாக்ஸை அடியோடு கழுவிக் காயவைத்து, ஓட்டிவிட்டு வரச் சொன்னார். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் இழுத்துப் பூசிவிடும்; அழுக்கோடு பார்த்தால் எல்லா இடமும் ஒழுகுவதுபோலத்தான் தெரியும். பிறகு கிளட்ச் ஹவுசிங்கின் அடி மூடியைத் திறந்தார். உள்ளே காய்ந்திருந்தது. அங்கே எண்ணெய் இருந்தால்தான் பாக்ஸை இறக்கும் பேச்சே. அப்போதும் அது எஞ்சினின் கறுப்பு ஆயிலா, கியர் ஆயிலா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இறக்கும் செலவு அந்த இடத்திலேயே மிச்சமானது.

அடுத்து பிரீதர், பாக்ஸுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் சின்ன மூச்சுக்குழாய். சேறும் கிரீஸும் சேர்ந்து இறுகிப்போயிருந்தது. கழற்றியதும் அந்தத் துளையிலிருந்து காற்று சீறியது. எஞ்சின் ஓடவில்லை, ஏர் டேங்க் மட்டும் நிறைந்திருந்தது. லோ ரேஞ்சில் வைத்தால் காற்று நிற்காமல் வருகிறது, ஹையில் வைத்தால் நின்றுவிடுகிறது. "தம்பி, சீல் மேல தப்பே இல்ல. உள்ள காத்து போகுது" என்றார்.

காற்றால் ரேஞ்சைத் தள்ளி மாற்றும் ரேஞ்ச் சிலிண்டரிலிருந்து பாக்ஸுக்குள் நுழையும் ராடைச் சுற்றி ஒரு ஓ ரிங் (ரப்பர் வளையம்) உண்டு. அது தேய்ந்தால், லோவுக்குப் போகும் காற்று பாக்ஸுக்குள்ளேயும் கசியும். தள்ளும் அழுத்தம் குறைவதால் ரேஞ்ச் மெதுவாக விழும், கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோவும் தேயும். பிரீதரும் அடைத்திருந்தால் உள்ளே போன காற்று எங்கே போகும்? இளைத்த இடமான பின் சீலைத்தான் பிதுக்கிக்கொண்டு, எண்ணெயோடு வெளியே வரும். நான் ஆரம்பத்திலேயே சொன்ன அந்தத் தாமதம்தான் நோயின் முதல் அறிகுறி. காது கொடுத்துக் கேட்டிருந்தால் அத்தனை சீலும் வீணாகியிருக்காது.

அந்த ஓ ரிங்கை மாற்றும் சிலிண்டர் வேலைக்கு பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. ஆனால் ஏர் டேங்கைக் காலி செய்யாமல் சிலிண்டர் கவரைத் தொடாதீர்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல், பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஜாயின்ட் ஷாஃப்டையும் கழற்றாதீர்கள். கழற்றும் முன் ஷாஃப்டில் குறி போட்டு, அதே நிலையில் திரும்ப மாட்டுங்கள்.

எண்ணெயை வடித்ததும் காந்த பிளக்கில் மெல்லிய சாம்பல் பசை இருந்தது. அது வழக்கமான தேய்மானம். உலோகச் செதில் இருந்தால் சீல் வேலையோடு நிறுத்தக்கூடாது. ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தோம், பேரிங்கில் ஆட்டம் இல்லை. ஆட்டம் இருந்தால் எந்த சீலும் தாங்காது.

டாப் கவரிலும் லேசான கசிவு இருந்ததால் நியூட்ரலில் வைத்து அதைத் தூக்கினோம். பழைய பட்டறை அப்பிய சிலிக்கான் பேஸ்ட் உள்பக்கம் நாடா நாடாவாகத் தொங்கியது! அது அறுந்து எண்ணெயில் விழுந்து எங்கே போய் அடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? கவர் உட்காரும் முகத்தைச் சுத்தமாகச் சுரண்டி, புது பேக்கிங் வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக முறுக்கினால் போதும். கவரைத் தூக்கும்போது, கியரை நிலையில் பிடித்துவைக்கும் ஸ்பிரிங்கும் குண்டும் விழுந்து தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாஞ்சைக் கழற்றினால், சீல் உதடு உரசும் இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். அந்தப் பள்ளத்தின் மேலேயே புது சீல்களைப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் பள்ளத்தை மூடும் மெல்லிய உலோக உறையான ஸ்லீவை ஏற்றினோம். சீல் வாங்கப் போன இடத்தில் உள் அளவு, வெளி அளவு சரி என்று வேறொன்றைக் கொடுத்தார்கள். உதடு உட்காரும் இடம் மாறியிருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் போனது. பழைய சீலையும் பாக்ஸின் மாடல் எண்ணையும் கையோடு கொண்டுபோங்கள். சில சீல்களை உலர்வாகவே ஏற்ற வேண்டும், சிலவற்றுக்கு உதட்டில் எண்ணெய் தடவ வேண்டும். உறையில் உள்ள குறிப்பைப் படியுங்கள். சுத்தியலால் ஒருபக்கமாக அடிக்காமல், விளிம்பு முழுவதும் அழுத்தும் சீல் டிரைவர் கருவியால் ஏற்ற வேண்டும்.

ஃபிளாஞ்ச் நட்டை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் முடிக்காதீர்கள். இந்த வகை பாக்ஸ் பிராண்டான ஃபுல்லரின் கையேடுகளில் 450 முதல் 500 அடி பவுண்டு வரை கேட்கிறது, ஏறக்குறைய 610 முதல் 680 நியூட்டன் மீட்டர். உங்கள் மாடலுக்கு என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் ஊற்றும்போது வண்டி சமதளத்தில் நிற்கட்டும். ஊற்றும் துளைக்குள் விரல் விட்டால் எண்ணெய் தொடுகிறது என்பது போதாது. துளையின் கீழ் விளிம்புக்கு மட்டமாக வந்து வழியத் தொடங்க வேண்டும். அதற்கு மேல் நிரப்பினால் நுரைத்துச் சூடேறி பிரீதர் வழியாகத் தள்ளும். சீல்தான் மறுபடி போய்விட்டது என்று யாராவது பாக்ஸுக்கு அடியில் படுப்பார்கள்.